மார்ச் 18 ஒலிப்பதிவும் ஏப்ரல் 21 குண்டுகளும்: நான் போட்ட தப்புக் கணக்கு

2019 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டுகள் வெடித்து மூன்றாம் நாள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். ஞாயிறு காலையிலிருந்து சரியான தூக்கமில்லாமல் செய்தி முகமைகள் தந்ததைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் இல்லை, துண்டு வேலைதான். ஓர் இணைய இதழுக்கு மூன்று பாக விளக்கக் கட்டுரை, மொத்தம் 6,000 ரூபாய் என்று பேச்சு. அன்று இலங்கையின் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன, நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பழிவாங்கவே இது நடந்ததாக ஆரம்ப விசாரணை காட்டுகிறது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சில மணி நேரத்தில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பின் அமாக் செய்தி நிறுவனம் தாக்குதலுக்கு உரிமை கோரியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மார்ச் 18 அன்று ஐஎஸ் செய்தித் தொடர்பாளர் அபூ ஹசன் அல் முஹாஜிர் 44 நிமிட ஒலிப்பதிவு ஒன்றை வெளியிட்டிருந்தார். அதில் கிறைஸ்ட்சேர்ச் படுகொலையைச் சொல்லி, ஆதரவாளர்கள் பழிவாங்க எழ வேண்டும் என்று தூண்டியிருந்தார். நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். சரியாக 34 நாள். பேச்சாளர் உத்தரவு போட்டார், 34 நாளில் நிறைவேறியது. யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்ற மிதப்பில் ராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் பாகத்தை அனுப்பினேன். காலை ஆறு மணிக்கு அது வெளியாகிவிட்டது.

ஏழரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போன். இருபது வருடம் பத்திரிகையில் இருந்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, வனாத்தவில்லில ஜனவரி மாசமே நூறு கிலோ வெடிமருந்து பிடிபட்டதெல்லோ. கிறைஸ்ட்சேர்ச் நடந்தது மார்ச் பதினைஞ்சு. முந்தி நடந்ததுக்குப் பிந்தி நடந்தது எப்பிடிக் காரணமாகும்?" எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் சொன்னது அத்தனையும் பழைய செய்திகளில் அப்படியே கிடந்தது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகே, குண்டு வைத்த குழுவின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் தலைமறைவு. 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைப்பு. 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தோட்டத்தில் வெடிமருந்தும் டெட்டனேட்டர்களும். சதி அவ்வளவு தூரம் வளர்ந்திருந்த பிறகுதான் முஹாஜிர் அந்த ஒலிப்பதிவில் வாயைத் திறந்தார். கட்டுரையை இறக்கினார்கள், திருத்தம் போட்டார்கள், மீதி இரண்டு பாகமும் ரத்து. மூன்று நாள் உழைப்பும் ஆறாயிரமும் போச்சு. அதைவிட, என் பெயர் போட்ட கட்டுரையின் திரைப்பிடிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருந்தது. திருத்தத்தை யாரும் பகிரவில்லை. இந்தக் குழுக்களின் பேச்சாளர் என்பவர் யார், அவர் வாயிலிருந்து வருவதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்குப் பிறகு நானே தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன். செய்தி மொழிபெயர்ப்பில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதல் விஷயம், பேச்சாளர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வருகிற கட்சிப் பிரமுகர் படத்தை அழித்துவிட வேண்டும். டிவி விவாதத்தில் உட்கார்ந்து தலைமைக்கு முட்டுக்கொடுப்பவர் இல்லை இவர். ஐஎஸ் அமைப்பில் பேச்சாளர்தான் தலைமை உயிரோடு இருக்கிறது என்பதற்கே சான்று. 2014 ஜூன் 29 அன்று கிலாஃபத் (இஸ்லாமிய ஆட்சி) என்று அறிவித்த குரல் தலைவர் பக்தாதியுடையது இல்லை, பேச்சாளர் அபூ முஹம்மது அல் அத்னானியுடையது. பக்தாதி மொசூல் மசூதி மேடையில் தோன்றியது அதற்குச் சில நாள் கழித்து. பக்தாதிக்குப் பின் வந்த தலைவர்கள் யாரும் முகம் காட்டவில்லை. அவர்கள் பெயரை உலகத்துக்குச் சொன்னது, பழையவர் செத்ததை ஒப்புக்கொண்டது, புதியவருக்கு விசுவாசப் பிரமாணம் கேட்டது எல்லாமே பேச்சாளர்தான். அத்னானி வெறும் குரலும் இல்லை. சிரியாவின் இத்லிப் மாகாணத்து பின்னிஷ் ஊர்க்காரர், வெளிநாட்டுத் தாக்குதல்களைத் திட்டமிடுபவர் என்று அமெரிக்கா அவர் தலைக்கு 50 லட்சம் டாலர் விலை வைத்திருந்தது. 2016 ஆகஸ்ட் 30 அன்று அல் பாப் அருகே அவர் கொல்லப்பட்டபோது நாங்கள்தான் கொன்றோம் என்று அமெரிக்காவும் சொன்னது, ரஷ்யாவும் சொன்னது. ஆள் செத்ததற்குக்கூட இரண்டு பேர் உரிமை கோரிய வேடிக்கை அது. ஆகவே ஒரு பேச்சாளர் பெயர் வந்ததும் நான் முதலில் கேட்பது, இவர் கையில் ஆயுதப் பிரிவு ஏதும் உண்டா, அல்லது வாய் மட்டும்தானா? அத்னானி பேசியதை அதிகாரம் உள்ளவரின் பேச்சாக எடுக்கலாம். முஹாஜிர் விஷயத்தில் எனக்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லாமலே "உத்தரவு" என்று எழுதினேன். அவர் செய்தது தூண்டுதல். உத்தரவு என்றால் போடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஒரு கயிறு இருக்க வேண்டும். அந்தக் கயிறை நான் பார்க்கவே இல்லை.

வாய் மட்டும்தான் என்பதால் சட்டம் விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2001 அக்டோபரில் அல் கொய்தா சார்பில் அல் ஜசீராவில் பேசியவர் குவைத்தைச் சேர்ந்த சுலைமான் அபூ கைத். விமானங்களின் புயல் ஓயாது என்று மிரட்டியவர். 2013-இல் ஜோர்டானில் பிடிபட்டு, நியூயார்க் நீதிமன்றத்தில் 2014 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, செப்டம்பரில் ஆயுள் தண்டனை பெற்றார். அந்த வழக்கின் முதுகெலும்பே அவர் பேசிய காணொளிகள்தான்.

அடுத்தது வழி. யார் சொன்னார் என்பதைப் போலவே எந்த வழியாக வந்தது என்பதும் முக்கியம். நான் அன்று எல்லாவற்றையும் "ஐஎஸ் கூறியது" என்று ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினேன். ஐஎஸ்ஸில் தலைவர், பேச்சாளர் இருவரின் குரலும் அல் ஃபுர்கான் என்ற ஊடகப் பிரிவு வழியாக வரும். வருடத்துக்கு ஒரு சில தடவைதான். அமாக் என்பது வேறு. அது செய்தி முகமை வேஷம் போட்டது. "பாதுகாப்பு வட்டாரம் அமாக்கிடம் தெரிவித்தது" என்று, மூன்றாம் மனிதர் போலப் பேசும். அல் நபா வார இதழ், வியாழக்கிழமைதோறும். அமாக்கில் இரண்டு வரியில் வந்தது பிறகு அமைப்பின் பெயரிலேயே நீண்ட அறிக்கையாக வருகிறதா, அல் நபாவில் விவரத்தோடு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கை விஷயத்தில் முதலில் வந்த அமாக் வரி, ஐஎஸ்ஸுக்கு எதிரான கூட்டணி நாடுகளின் குடிமக்களையும் கிறிஸ்தவர்களையும் தாக்கியவர்கள் ஐஎஸ் போராளிகள் என்றது. கிறைஸ்ட்சேர்ச் என்ற சொல்லே அதில் இல்லை. பின்னர் ஏழு புனைபெயர்களோடு நீண்ட அறிக்கை, எட்டுப் பேர் விசுவாசப் பிரமாணம் எடுக்கும் காணொளி, அதில் முகம் மூடாமல் ஸஹ்ரான் மட்டும். அந்தக் காணொளிதான் இந்த உரிமை கோரலைக் கனமாக்கியது. தாக்குதலுக்கு முன்பே எடுத்து அனுப்பியிருந்தால்தான் அது அவர்கள் கையில் இருக்க முடியும், ஆகவே தொடர்பு இருந்தது. ஆனால் தொடர்பு இருந்தது என்பது வேறு, கட்டளை வந்தது என்பது வேறு. நான் வழுக்கி விழுந்த இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அப்படி உள்ளே இருந்தவர்களிடம் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு சான்று இல்லாத உரிமை கோரல்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு 2017 நல்ல பாடம். ஜூன் 2-ஆம் தேதி மணிலாவில் ஒரு சூதாட்ட விடுதிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் தீ வைத்தான். புகையில் மூச்சுத் திணறி 37 பேர் இறந்தார்கள். ஐஎஸ் தன்னுடையது என்றது. விசாரணையில் அவன் சூதாடிக் கடனில் மூழ்கியவன் என்று வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1, லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் துப்பாக்கிச் சூடு. சுட்டவன் சில மாதம் முன்பு மதம் மாறியவன் என்று அமாக் சொன்னது, அவனுக்கு ஒரு புனைபெயர்கூடச் சூட்டினார்கள். எஃப்பிஐக்கு எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. இரண்டிலுமே அவர்கள் வாபஸ் வாங்கவில்லை. வாபஸ் வாங்க அவர்களுக்கு என்ன தேவை? தலைப்புச் செய்தி ஏற்கெனவே கிடைத்துவிட்டதே. எனவே இப்போது நான் பார்ப்பது மூன்று. தாக்கியவரின் பெயரோ படமோ போலீஸ் வெளியிடும் முன்பே அவர்களிடம் இருந்ததா? போலீஸ் இன்னும் சொல்லாத ஒரு விவரம் அறிக்கையில் இருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால், டிவியில் வந்ததையே திருப்பிச் சொல்கிறார்களா? மூன்றாவதுதான் என்றால் "ஐஎஸ் உரிமை கோருகிறது, ஆதாரம் காட்டவில்லை" என்று ஒரே வரி, அதுவும் ஐந்தாவது பத்திக்குக் கீழே.

நேர இடைவெளியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சாதகமானது உடனே வரும். பாதகமானது ஆறப்போட்டுத்தான் வரும். பக்தாதி 2019 அக்டோபர் 26-27 நள்ளிரவில் இத்லிப் பரிஷாவில் செத்தார். அதே 27-ஆம் தேதி ஜராபுலுஸ் பக்கம் முஹாஜிரும் கொல்லப்பட்டார். 31-ஆம் தேதி அபூ ஹம்ஸா அல் குறைஷி என்ற புதிய குரல் இருவர் சாவையும் ஒப்புக்கொண்டு, அபூ இப்ராஹிம் என்ற புதிய தலைவரை அறிவித்தது. இது விதிவிலக்கு, சில நாளிலேயே வந்துவிட்டது. அந்த அபூ இப்ராஹிம் 2022 பிப்ரவரி 3 அன்று அத்மேயில் செத்ததை ஒப்புக்கொள்ள மார்ச் 10 ஆனது. அதையும் சொன்னது இன்னொரு புதிய பேச்சாளர், அபூ உமர் அல் முஹாஜிர். ஏனென்றால் அபூ ஹம்ஸாவும் செத்திருந்தார். 2023 இன்னும் சிக்கல். ஏப்ரல் 30 அன்று துருக்கி அதிபர் எர்டோகன், ஐஎஸ் தலைவரை எங்கள் உளவுத்துறை தீர்த்துவிட்டது என்றார். ஆகஸ்ட் 3 அன்று அபூ ஹுதைஃபா அல் அன்சாரி என்ற பேச்சாளர், தலைவர் செத்தது உண்மை, ஆனால் கொன்றது இத்லிப்பில் எங்கள் எதிரிக் குழுவான ஹயாத் தஹ்ரீர் அல் ஷாம், அதோடு எங்கள் முந்தைய பேச்சாளரையும் அவர்கள்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். யார் சொல்வது சரி என்று சென்னையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பையும் தேதியோடு வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் வேலை. தாலிபான் இன்னும் ஒரு படி மேல். அதன் தலைவர் முல்லா உமர் 2013 ஏப்ரலில் இறந்தார். 2015 ஜூலை வரை, இரண்டு வருடத்துக்கு மேல், அவர் பெயரில் பெருநாள் வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. அதை எத்தனை செய்தி அறைகள் "முல்லா உமர் கூறினார்" என்று போட்டிருக்கும், எண்ணிப் பாருங்கள்.

தாலிபான் என்றதும் வேறு மாதிரிப் பேச்சாளர் வருகிறார். ஐஎஸ் பேச்சாளரிடம் கேள்வி கேட்க முடியாது, அவர் ஒலிப்பதிவு போட்டுவிட்டு மறைந்துவிடுவார். 2021-இல் ஆட்சியைப் பிடிக்கும் முன்பு, தாலிபான் பேச்சாளர் போனை எடுப்பார். காபூல் நிருபர்களின் கைப்பேசியில் அவர் எண் இருக்கும். குண்டு வெடித்துக் கொஞ்ச நேரத்தில், அரசுத் தரப்பு இன்னும் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இத்தனை பேரைக் கொன்றோம் என்று எண்ணிக்கையோடு சொல்லிவிடுவார். அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஊதியதுதான். ஆனாலும் முதலில் பேசியவர் எண்ணிக்கைதான் முதல் தலைப்பாகும். வேலையைப் பங்கிட்டும் வைத்திருந்தார்கள். தெற்கும் மேற்கும் காரி யூசுஃப் அஹ்மதிக்கு, வடக்கும் கிழக்கும் ஸபிஹுல்லா முஜாஹிதுக்கு. தெற்கே இருக்கும் கந்தஹார் செய்திக்கு முஜாஹித் பெயரோ வடக்கே இருக்கும் குண்டூஸ் செய்திக்கு அஹ்மதி பெயரோ வந்தால் அப்போதே ஒரு கேள்விக்குறி போட்டிருக்க வேண்டும். இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. அப்துல் லத்தீஃப் ஹக்கீமி 2005-இல் குவெட்டாவில் பிடிபட்டார். முஹம்மது ஹனீஃப் 2007 ஜனவரியில் நங்கர்ஹாரில் பிடிபட்டு, முல்லா உமர் குவெட்டாவில் இருக்கிறார் என்று கேமரா முன்பே சொன்னார். அதற்குப் பிறகுதான் முஜாஹித் என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. பதினாலு வருடம் வெறும் குரல். இது ஒருவரா, பலர் மாறி மாறிப் பேசும் ஒரு பெயரா என்று நிருபர்களே சந்தேகப்பட்டார்கள். 2021 ஆகஸ்ட் 17 அன்று காபூலில் செய்தியாளர் முன் ஒருவர் வந்து உட்கார்ந்து நான்தான் முஜாஹித் என்ற பிறகுதான் அந்தப் பெயருக்கு முகம் கிடைத்தது.

குரலும் எழுத்தும் எவ்வளவு ரகசியமாக இருந்தாலும் கைத்தவறு மனித இயல்புதானே. 2012 நவம்பரில் அஹ்மதியின் பெயரில் போன ஒரு மின்னஞ்சலில், மறைத்து அனுப்ப வேண்டிய முகவரிகளை எல்லோருக்கும் தெரியும் பெட்டியில் போட்டுவிட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட முகவரிகள், பெரும்பாலும் பத்திரிகையாளர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டது. 2014 அக்டோபரில் முஜாஹிதின் ட்விட்டர் பதிவுகள் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலிருந்து வந்ததாக இடம் காட்டின. எதிரியின் சதி என்றார் அவர். நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இவர்கள் அனுப்பும் பட்டியலில் நம் சொந்த முகவரி இருந்தால் ஒருநாள் அது யார் கண்ணிலும் படலாம்.

பெயரே பதவியாக இருப்பதுதான் எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்தது. பாகிஸ்தான் தாலிபானான டிடிபியின் அறிக்கைகள் முஹம்மது குராசானி என்ற பெயரில் வரும். 2022 ஜனவரியில் காலித் பால்டி என்பவர் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டபோது குராசானி செத்தார் என்று செய்தி ஓடியது. டிடிபியோ, அவர் முன்னாள் பேச்சாளர்தான் என்றது. குராசானி என்ற பெயரில் அறிக்கைகள் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. அதற்கு முன் 2014 அக்டோபரில் ஷாஹிதுல்லா ஷாஹித் என்ற பேச்சாளர் பக்தாதிக்கு விசுவாசம் தெரிவித்தார். டிடிபி அவரை நீக்கிவிட்டு, அது அமைப்பு கொடுத்த பெயர்தான், ஆளின் சொந்தப் பெயர் வேறு என்று அறிவித்தது. ஆக, நாற்காலிக்கு வைத்த பெயரை உட்கார்ந்தவர் தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம். அரபுப் பெயர்களிலும் இந்த விளையாட்டு உண்டு. அபூ என்றால் தந்தை, முஹாஜிர் என்றால் புலம்பெயர்ந்தவர், அன்சாரி என்றால் உதவியவர் வழி, குறைஷி என்றால் நபியின் குலமான குறைஷ். இவை வீட்டில் வைத்த பெயர்கள் இல்லை, சீருடை மாதிரி. பேச்சாளர் அபூ ஹசன் அல் முஹாஜிர் ஒருவர், 2022-இல் தலைவரான அபூ ஹசன் அல் ஹாஷிமி அல் குறைஷி இன்னொருவர், பேச்சாளர் அபூ உமர் அல் முஹாஜிர் மூன்றாமவர். தமிழில் இடம் போதவில்லை என்று கடைசிப் பகுதியை வெட்டினால் செத்தவர் உயிர்த்தெழுந்துவிடுவார். முழுப் பெயர், பக்கத்தில் தலைவரா பேச்சாளரா, பேசிய தேதி என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் இதுவரை இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பேச்சாளரும் தளபதியும் முரண்படும்போது என்ன செய்வது? 2023 ஜனவரி 30, பெஷாவர் காவல்துறை வளாக மசூதியில் குண்டு. டிடிபியின் தளபதி சர்பகஃப் மொஹ்மந்த் நாங்கள்தான் என்றார். பல மணி நேரம் கழித்துப் பேச்சாளர் குராசானி, எங்களுக்குச் சம்பந்தமில்லை, மசூதிகளைத் தாக்குவது எங்கள் விதிக்கு எதிரானது என்றார். மறுப்பை மட்டும் போட்டாலும் தப்பு, முதல் கோரலை மட்டும் போட்டாலும் தப்பு. முரண்பாடுதான் அங்கே செய்தி. பொதுமக்கள் அதிகம் செத்து, ஊரே காறித் துப்பும்போது மறுப்பு வரும் அல்லது மௌனம் வரும். 2017 அக்டோபர் 14 அன்று சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் லாரி குண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வழக்கமாக உடனுக்குடன் வானொலியிலும் போனிலும் பேசும் அந்த நாட்டு ஆயுதக் குழுவான அல் ஷபாப் அன்று வாய் திறக்கவே இல்லை. பேச்சாளர் பேசாத நாளையும் தேதி போட்டுக் குறித்துவைக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. "பொறுப்பேற்றது" என்று எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. பொறுப்பு என்றால் நம் மொழியில் ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டுப் பொறுப்பு, பதவிப் பொறுப்பு. தோல்விக்குப் பொறுப்பேற்று விலகினார் என்போம். சூதாடி வைத்த தீயைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு அந்தச் சொல் எதற்கு? "உரிமை கோரியது" என்றால் கோரல்தான், நிரூபணம் இல்லை என்பது சொல்லிலேயே தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் "தங்களுடையது என்கிறது". அதேபோல் "தெரிவித்தார்" என்ற வினை, சொன்னது உண்மை என்று தலையாட்டுவது மாதிரி. "சொன்னார்", "கூறிக்கொண்டார்" இரண்டும் போதும். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பட்டங்களையும், எதிராளிக்கு வைக்கும் வசைகளையும் அப்படியே தமிழாக்கினால் நாமே அவர்களின் தமிழ்ப் பிரிவாகிவிடுவோம். ஸஹ்ரான் தமிழில்தான் பேசினான் என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பேச்சுகளில் எத்தனை நிமிடம், எங்கே பேசினான், யாரைக் குறிவைத்தான் என்று எழுதலாம். வாக்கியங்களைத் தூக்கி மேற்கோளாக வைக்கத் தேவையில்லை.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத விஷயம். ஏப்ரல் மாத அந்த வாரத்தில் ஆர்வக் கோளாறில் ஒலிப்பதிவு, அறிக்கைப் படங்கள், காணொளித் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் போனில் ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்திருந்தேன். ஜூனில் கோவையில் என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) சோதனை நடந்த செய்தியை மொழிபெயர்க்கும்போதுதான் அந்தக் கோப்புறை ஞாபகம் வந்தது. ஐஎஸ் இந்தியாவில் 2015 முதல் தடை செய்யப்பட்ட அமைப்பு. துண்டு வேலைக்காரனுக்கு நிறுவன அடையாள அட்டை கிடையாது, ஆசிரியர் கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதம் கிடையாது. நாலு ராத்திரி வாசல் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்தப் பயம் நிஜம். தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். சொன்னார்: "எதற்குடா மூலக் கோப்பு? நீ அரபியா படிக்கப்போறே?" நியாயம்தான். மூலம் எனக்குத் தேவையே இல்லை. பிரசார வெளியீடுகளைக் கண்காணித்து மொழிபெயர்க்கும் ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன, பெரிய செய்தி முகமைகள் அவற்றைச் சரிபார்த்துத்தான் போடுகின்றன. இரண்டு முகமைகளின் குறிப்பை ஒப்பிட்டால் என் வேலைக்குப் போதும். டெலிகிராம் குழுக்களில் எட்டிப்பார்ப்பது, பகிர்வது, "ஆதாரத்துக்காக" சேமிப்பது எதுவும் வேண்டாம். வேலைக்கு மூலம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், நிறுவனத்தின் எழுத்து மூல அனுமதியோடு, நிறுவனத்தின் கணினியில், வக்கீலுக்குத் தெரிய.

அந்த ஏப்ரலுக்கே திரும்பினால், கதை 23-ஆம் தேதியோடு முடியவில்லை. 25-ஆம் தேதி இலங்கை அரசு இறந்தோர் எண்ணிக்கையை 359-லிருந்து 253 என்று குறைத்தது. அரசுத் தரப்பின் எண்ணும் ஆடும் என்று அப்போது தெரிந்தது. நியூசிலாந்துப் பிரதமர் அலுவலகம், கிறைஸ்ட்சேர்ச் தொடர்பு பற்றி எங்களிடம் உளவுத் தகவல் ஏதும் வரவில்லை என்றது. 29-ஆம் தேதி பக்தாதியே ஐந்து வருடத்துக்குப் பிறகு காணொளியில் தோன்றினார். அதன் கடைசியில், முகம் காட்டாமல் குரல் மட்டும் ஒட்டிய பகுதியில் இலங்கை வந்தது. பாகூஸ் வீழ்ச்சிக்குப் பழி என்றார். சிரியாவில் அவர்களின் கடைசித் துண்டு நிலமான பாகூஸ் விழுந்தது மார்ச் 23. ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிமருந்து பதுக்கியவர்களுக்கு அதுவும் முந்தி தெரிந்திருக்க வழியில்லை. ஒன்பது நாளுக்குள் அமைச்சர் ஒரு காரணம், அமாக் ஒரு காரணம், தலைவர் ஒரு காரணம். அவரவர் கேட்பவருக்கு ஏற்ற காரணம். அன்று இரவு எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சும்மா நோட்டில் எழுதினேன்: "ஏப்ரல் 29. பக்தாதி, அல் ஃபுர்கான், குரல் மட்டும், பாகூஸ். மார்ச் 18 முஹாஜிர், கிறைஸ்ட்சேர்ச். இரண்டும் பொருந்தவில்லை." அண்ணைக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "இப்ப எழுதும்" என்று பதில் வந்தது.